ஓரியன்டேட் என்று எழுதலாமா? புரூஃப் பார்ப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு கல்லூரி போடும் ஆங்கிலக் கையேட்டில் 'ஓரியன்டேட்' (orientate) என்ற வினைச்சொல் வந்திருந்தது. நான் அப்படியே விட்டேன். கல்லூரியிலிருந்து திரும்பி வந்த தாளில் கடைசி மூன்று எழுத்துகளைச் சிவப்பு மையில் அடித்து 'ஓரியன்ட்' (orient) ஆக்கி, ஓரத்தில் "இப்படி ஒரு சொல்லே கிடையாது" என்று எழுதியிருக்கிறார்கள்.

இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: திசை பார்த்து அமைப்பது, புது இடத்துக்குப் பழக்குவது. மூலம் லத்தீன் 'ஓரியன்ஸ்', அதாவது உதிக்கும் சூரியன், கிழக்கு. தேவாலயத்தைக் கிழக்கு நோக்கிக் கட்டுவதையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். (அந்தக் கணக்கில் மேற்குப் பார்த்த நம் மயிலை கபாலீசுவரரை எந்தச் சொல்லில் சொல்வதோ!) 'ஓரியன்ட்' மூத்தது. 'ஓரியன்டேட்' 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அமெரிக்கர்கள் குட்டையானதையே விரும்புகிறார்கள். நீளமானது வீண் என்பது பலர் கட்சி. ஆனால் பிரிட்டனில் அது சாதாரணமாகப் புழங்குகிறது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. நாம் பள்ளியில் படித்ததும் பிரிட்டிஷ் ஆங்கிலம்தானே?

குட்டையாக மாற்றுவதில் எனக்குச் சங்கடமில்லை. கிடையாது என்று சொன்னதுதான் உறுத்துகிறது. உங்கள் அலுவலகங்களில் எதை வைக்கிறீர்கள்? அகராதிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதுமா, இல்லை பேசாமல் மாற்றிவிடலாமா? செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொன்னால் பெரிய உதவி.