என் நாவலில் தேவி சீக்கிரம் தேறிவிடுகிறாள், என்ன செய்யலாம்?

செந்தூல் வாசகி:
முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது 2013-இல். தேவிக்கு 23 வயது, கோலாலம்பூர் செந்தூல்காரி. காதலனின் கடனை அடைக்க அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை எடுத்து அடகு வைக்கிறாள். அவன் தலைமறைவு. விஷயம் தெரிந்ததும் அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறார். இரண்டு மாதமாக இப்படியே. தாங்க முடியாமல் தேவி பினாங்குக்கு ஃபேக்டரி வேலைக்குக் கிளம்புகிறாள். கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில், பட்டர்வொர்த்தில் ஃபெரி, தீவில் கடல் தெரியும் அறை. முடியை வெட்டிக்கொள்கிறாள். மூன்றாம் அத்தியாயத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். படித்துப் பார்த்த என் தங்கச்சி, "ஷாம்பு விளம்பரம் மாதிரி இருக்கு" என்கிறாள். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரிதான். பினாங்குக்காரர்கள் கைகொடுங்களேன்.

பாகான் அண்ணன்:
முதலில் ரயிலை மாற்றுங்கள். ஈடிஎஸ் பட்டர்வொர்த்துக்கு வந்ததே 2015-இல்தான். கேஎல் புடுராயா பஸ் நிலையத்தில் ஏற்றிவிடுங்கள் (அப்போதே புடு சென்ட்ரல் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் யார் அப்படிக் கூப்பிட்டார்கள்?). தீவுக்குப் போகும் பஸ் என்றால் பாலம் தாண்டி சுங்கை நிபோங்கில் விட்டுவிடும். ஃபெரி வேண்டுமென்றால் பட்டர்வொர்த்திலேயே இறக்குங்கள். 2020 கடைசியில் ஓய்வு கொடுத்தார்களே, அந்தப் பழைய ஃபெரி. அப்போது ஆளுக்கு 1.20 வெள்ளி (ரிங்கிட்), சில்லறையாகப் போட வேண்டியிருந்தது. தீவுக்குப் போகத்தான் காசு. திரும்பி வர யாரும் கேட்டதில்லை. இது அவளுக்கு எப்போது தெரியவருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நிபோங் அக்கா:
தங்கச்சி, பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்று வந்ததே 2013 ஜனவரியில்தான். அந்தக் காசுக்குக் கடல் தெரியும் அறையா? சுங்கை டுவாவில் ஒரே வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டில் காயப்போட்ட துணிதான்.

முடி வெட்டியும் பிரயோஜனமில்லை. தூசி படக்கூடாத கிளீன் ரூமுக்குள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். முதல் மாதம் எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்று கேட்காதீர்கள். அழுதால் மாஸ்க் நனையும், அவ்வளவுதான். ஆறாவது வாரம், ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரம், பக்கத்து மெஷினில் நின்ற தைப்பிங் பெண் என் கண்ணையே பார்த்துவிட்டு, "வா, பசியாறப் போவோம்" என்றாள். ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் வாயைத் திறந்து பேசவே இன்னும் இரண்டு வாரம் ஆனது.

அப்புறம், அடகுச் சீட்டு எங்கே? ஆறு மாதத்தில் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டியைக் கட்டித் தவணையை நீட்ட வேண்டும். அதையும் செய்யாவிட்டால் சங்கிலி போச்சு. இரண்டு மாதம் வீட்டிலேயே ஓடிவிட்டதே.

செந்தூல் வாசகி:
ஐயோ, சீட்டையே மறந்துவிட்டேன் அக்கா! முடிவெட்டும் காட்சியை அடித்துவிட்டேன். சீட்டு இப்போது அவள் ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) பின்னால் நான்காக மடித்து இருக்கிறது. கையில் நான்கு மாதம். அண்ணே, ஃபெரி விஷயத்தை அவளுக்கு இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை. அக்கா, சுங்கை டுவா வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? கணக்குப் போட வேண்டும்.

நிபோங் அக்கா:
தலைக்கு 80 வெள்ளி. தண்ணி, லைட் தனி. மெத்தை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.