2019 பட்ஜெட்டின் 1.7 லட்சம் கோடி இடைவெளி: நிதியமைச்சரின் எண்களை எந்த அளவுக்கு நம்புவது?

கேள்வி:
2019 ஜூலை 5 அன்று நிர்மலா சீதாராமன், தோல்பெட்டியைத் தவிர்த்துச் சிவப்புத் துணியில் பொதிந்த ஏடுகளுடன் நாடாளுமன்றத்துக்கு வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஏட்டின்படி 2018-19ஆம் ஆண்டின் வருவாய் வரவு ஏறத்தாழ 17.3 லட்சம் கோடி ரூபாய். முந்தைய நாள் அவரே தாக்கல் செய்த பொருளாதார ஆய்வறிக்கையிலோ அது 15.6 லட்சம் கோடி. ஒரே அமைச்சகத்திலிருந்து ஒருநாள் இடைவெளியில் இரண்டு எண்கள் எப்படி வர முடியும்?

பதில் 1:
இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டின் திருத்திய மதிப்பீட்டையே (ஆண்டு முடியும் முன்பே போடும் கணிப்பு) ஜூலையிலும் வைத்துக்கொண்டார்கள்; ஆய்வறிக்கை, ஆண்டு முடிந்தபின் தெரியவந்த தற்காலிகக் கணக்கை எடுத்துக்கொண்டது. கேடு அடுத்த ஆண்டு இலக்கில்தான் இருந்தது. பழைய எண்ணிலிருந்து பார்த்தால் நிகர வரி வருவாய் 11 சதவீதம் கூடினால் போதும். உண்மை வசூலிலிருந்து பார்த்தால் 25 சதவீதம் கூட வேண்டும். அந்தச் செப்டம்பரிலேயே நிறுவன வரியை 22 சதவீதமாகக் குறைத்ததும் சேர்ந்துகொள்ள, நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.3 சதவீதம் என்று அறிவித்த நிதிப்பற்றாக்குறை (வரவுக்கு மேல் ஆகும் செலவு) 4.6 சதவீதத்தில் போய் நின்றது.

பதில் 2:
பற்றாக்குறையின் அந்த எண்ணும் முழுமையானதல்ல. நான் கணக்கு எழுதும் மளிகைக்கடைக்காரர், மைத்துனர் பெயரில் வாங்கிய கடனைக் கடைப் பேரேட்டில் ஏற்ற விடமாட்டார். வட்டி மட்டும் மாதந்தோறும் கல்லாவிலிருந்துதான் போகும். உணவு மானியத்தில் ஒரு பகுதியை அரசு கொடுக்காமல், ரேஷன் தானியத்தைக் கொள்முதல் செய்யும் இந்திய உணவுக் கழகத்தை, மக்களின் அஞ்சலகச் சேமிப்பு போன்றவை சேரும் சிறுசேமிப்பு நிதியத்திடம் கடன் வாங்க வைத்ததும் அதே வழிதான். 2019-20இல் 1.84 லட்சம் கோடியாக இருந்த மானிய ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீட்டில் 1.08 லட்சம் கோடியாகச் சுருங்கியது. ரேஷன் அரிசி ஒரு படிகூடக் குறையவில்லை.

பதில் 3:
நியாயமாகப் பேசுவோம். உணவுக் கழகத்தைக் கடன் வாங்க வைக்கும் அந்தப் பழக்கம் நிர்மலா சீதாராமன் பொறுப்பேற்பதற்கு முன்பே, 2016-17இல் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் அதை நிறுத்தியவர் அவர்தான். நிலுவையைக் கணக்கில் ஏற்றியதும் 2020-21க்கு 1.15 லட்சம் கோடியாகத் திட்டமிட்ட மானியம் 4.22 லட்சம் கோடியானது. கொரோனா கால இலவச தானியமும் அதில் அடக்கம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நிறுத்தியதை வரவேற்கிறேன்; ஆனால் தொற்றால் பற்றாக்குறை எப்படியும் எகிறிய ஆண்டில் (திருத்திய மதிப்பீடு 9.5 சதவீதம்) பழைய நிலுவையையும் அதற்குள் சேர்த்ததால், அதுவரை காட்டிய எண்கள் எவ்வளவு தாழ்ந்தவை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.