எவியான் தண்ணீரும் மேட்டு நிலத்து மாடுகளும்

குழு: நம் குடும்பம்

கயல்விழி (காலை 9:12): அனைவருக்கும் வணக்கம். நேற்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கப்பலேறி, ஜெனீவா ஏரியைக் கடந்து, அக்கரையில் பிரான்சு நாட்டில் இருக்கும் எவியான் ஊருக்குப் போய் வந்தேன். மேலே உள்ள படம், புட்டியில் விற்கும் எவியான் தண்ணீர் வரும் கஷா ஊற்றில் எடுத்தது. அங்கே தண்ணீருக்குக் காசு இல்லை. ஊர்க்காரர்கள் பை நிறையப் புட்டிகளோடு வந்து பிடித்துச் செல்கிறார்கள். ஒரு பாட்டி ஒவ்வொரு புட்டியையும் அந்தத் தண்ணீராலேயே இரண்டு முறை அலசிவிட்டுப் பிடித்ததைப் பார்த்தபோது, குடத்தை அலசாமல் தண்ணீர் பிடிக்க விடாத நம் ஆயா நினைவுக்கு வந்தார்.

பெரியப்பா (காலை 9:31): படம் அருமை, கயல். கடையில் எவியான் புட்டியின் விலையைப் பார்த்து நான் மலைத்திருக்கிறேன். புதுச்சேரியில் நாம் வாங்கும் கேன் தண்ணீரையும் மினரல் வாட்டர் என்றுதானே சொல்கிறோம்? இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லம்மா.

கயல்விழி (காலை 9:48): பெரியப்பா, கேனில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் ஐ.எஸ். (இந்தியத் தரம்) 14543 என்ற எண் இருக்கும். அது சுத்திகரித்து அடைத்த குடிநீருக்கான தரம். இயற்கைக் கனிம நீருக்கு 13428 என்று வேறு எண் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி அந்தப் பெயரில் விற்கும் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வரும்போதே குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும், ஊற்றருகிலேயே அடைக்கப்பட வேண்டும், குளோரின் முதலிய கிருமிநீக்கம் எதுவும் செய்யக் கூடாது. ஆகவே ஊற்றுக்கு மேலே உள்ள நிலம் கெட்டுவிட்டால், கீழே எந்த இயந்திரத்தை வைத்தும் அதைச் சரிசெய்துவிட்டு அதே பெயரில் விற்க முடியாது.

அத்தை (காலை 10:05): அந்த ஊற்றை யார் கண்டுபிடித்தார்கள்?

கயல்விழி (காலை 10:20): அத்தை, 1789-ஆம் ஆண்டையொட்டி லெசேர் என்ற பிரபு, கஷா என்பவரின் தோட்டத்து ஊற்றிலிருந்து நாள்தோறும் குடித்து, சிறுநீரகக் கல் தொல்லை நீங்கப் பெற்றார் என்று சொல்லப்படுகிறது. அப்போது அந்தப் பகுதி பிரான்சைச் சேர்ந்ததல்ல. சவோய் நாட்டுக்குள் இருந்தது. 1826-இல் அடைத்து விற்க அனுமதி கிடைத்தது. 1860-இல் சவோய் பிரான்சுடன் இணைந்தது. 1878-இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் அந்த நீரை ஏற்றுக்கொண்டது.

எனக்கு இந்தக் கதையைவிட மேட்டு நிலம்தான் பெரிதாகப்படுகிறது. ஊருக்கு மேலே கவோ என்னும் மேட்டு நிலத்தில் பெய்யும் மழையும் பனியும், பழைய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலுக்கும் சரளைக்கும் ஊடாகக் கசிந்து, 15 ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து ஊற்றை அடைகின்றன. சுமார் 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நிலத்தில் காடு இருக்கிறது, சதுப்பு இருக்கிறது, அபோண்டான்சு, ரெப்லோஷோன் பாலாடைக்கட்டிகளுக்குப் பால் தரும் மாடுகளும் இருக்கின்றன.

பெரியப்பா (காலை 10:34): மாடுகள் இருந்தால் சாணமும் மண்ணில் இறங்குமே?

கயல்விழி (காலை 10:52): அதுதான் கேள்வி, பெரியப்பா. உழவர்களை அங்கிருந்து வெளியேற்றாமல், 1992-இல் எவியான் தண்ணீரை அடைத்து விற்கும் நிறுவனமும் ஊற்றுள்ள ஊர்களும் மேட்டு நிலத்து ஊர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. ஊற்றுள்ள ஊர்களுக்கு விற்பனையிலிருந்து வரி கிடைக்கிறது. அந்த ஊர்களும் நிறுவனமும் தரும் பணம் மேலே உள்ளவர்களின் உழவுக்கும் கழிவுநீர் ஏற்பாட்டுக்கும் போகிறது. சாணத்தையும் மாட்டுக்கொட்டகைக் கழிவையும் எரிவாயுவாக்கும் நிலையம் ஒன்றையும் கட்டி, எஞ்சும் எருவை அளவறிந்து வயலுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அங்குள்ள சதுப்புகள் 2008-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

அருண் (காலை 11:15): கயல், நிலத்தை இவ்வளவு பார்த்துக் காத்துவிட்டு, அதே தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் அடைத்துக் கடல் கடந்து அனுப்புவது எனக்குப் பொருந்தவில்லை.

கயல்விழி (காலை 11:40): எனக்கும் பொருந்தவில்லை, அருண் அண்ணா. மண்சாடியிலும் பிறகு கண்ணாடியிலும் போய்க்கொண்டிருந்த தண்ணீர் 1969-இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 2025-க்குள் எல்லாப் புட்டிகளையும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கால் செய்வோம் என்று 2018-இல் அறிவித்தார்கள். மறுசுழற்சி செய்தாலும் அது லாரியிலும் கப்பலிலும் ஏறித்தானே போக வேண்டும்? மேட்டு நிலத்தில் காட்டிய பொறுமையை அவர்கள் புட்டியில் காட்டவில்லை என்பதே என் கருத்து. நான் லோசானில் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். அதில் பெருமளவு இதே ஏரியிலிருந்து வருகிறது.

பெரியப்பா (பகல் 12:03): கேனைப் பார்த்துவிட்டேன், 14543 என்றுதான் இருக்கிறது. முன்பெல்லாம் நம் ஊர்க் குடிதண்ணீர்க் குளத்தில் கால் நனைக்கவும் விடமாட்டார்கள், மாடு இறங்கினால் மாட்டுக்காரனுக்குத் தண்டம் விதிப்பார்கள். மாட்டுக்காரனுக்குப் பணம் கொடுத்துக் குளத்தைக் காப்பாற்றலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றியதில்லை. அந்தச் சாண எரிவாயு நிலையத்தின் படம் கிடைத்தால் குழுவில் போடு, கயல். பன்னிரண்டு மாடு வைத்திருக்கும் உன் மாமாவுக்குக் காட்ட வேண்டும்.