குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சலா, குடற்புழுவா?

வணக்கம். புதுச்சேரி பாகூர் பக்கம் தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். மூன்று வாரக் குஞ்சுகளில் சில, இறக்கையைத் தொங்கப்போட்டு, சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி நிற்கின்றன. தீவனத்தைச் சீண்டுவதில்லை. இன்று காலை எச்சத்தில் ரத்தம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "பூச்சிதான், புழு மருந்து ஊத்து" என்கிறார். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. உருண்டைப்புழு முட்டை குஞ்சின் வயிற்றுக்குள் போய், வளர்ந்து, மறுபடி முட்டையிடவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். புழு என்றால் குஞ்சு மெலியும், வளராது. சில சமயம் எச்சத்திலேயே வெள்ளையாக நெளியும். இந்த வயதில் ரத்தமாகப் போனால் பெரும்பாலும் காக்சிடியா என்கிற ஓரணு ஒட்டுண்ணிதான். அதற்குப் பைப்பரசின் என்கிற புழு மருந்து கேட்காது, ஆம்ப்ரோலியத்தைத்தான் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். மழையில் கூண்டுக்குள் உமி நனைந்து கிடந்தது வேறு என் சந்தேகத்தைக் கூட்டுகிறது. சோர்ந்த குஞ்சுகளைப் பிரித்து வைத்து, உமியை மாற்றிவிட்டேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: ஆம்ப்ரோலியம் பொடி லிட்டருக்கு எவ்வளவு, எத்தனை நாள்? தண்ணீரே குடிக்காத குஞ்சுக்குச் சொட்டாக வாயில் விடலாமா? பி1 சத்து அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்பதால் வைட்டமின் டானிக்கை நிறுத்தியிருக்கிறேன், சரிதானே?

அப்புறம், குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எச்சப் பரிசோதனைக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும்? எச்சத்தை எதில் எடுத்துப் போவது? நாளைக் காலையே கிளம்பலாம் என்றிருக்கிறேன். தெரிந்தவர்கள் இன்றிரவே பதில் போட்டால் உதவியாக இருக்கும்.