நைட் கோர்ட்: தொடரைத் தாங்கியவர் நீதிபதி ஹாரியா, டேன் ஃபீல்டிங்கா?

பழந்திரை:
1984 முதல் 1992 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஒன்பது பருவங்கள் ஓடிய ‘நைட் கோர்ட்’ முழுவதையும் மறுபடி பார்த்து முடித்தேன். நியூயார்க்கின் மன்ஹாட்டன் குற்றவியல் நீதிமன்றத்தின் இரவு அமர்வுதான் களம். இந்தத் தொடரைத் தூக்கி நிறுத்தியவர், அரசு வழக்கறிஞர் டேன் ஃபீல்டிங்காக வந்த ஜான் லாரொகெட்தான். 1985 முதல் 1988 வரை வரிசையாக நான்கு எம்மி எனும் தொலைக்காட்சி விருதுகள். அதற்குமேல் தன் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். நீதிபதி ஹாரி ஸ்டோனாக நடித்த ஹாரி ஆண்டர்சன் அடிப்படையில் மாயவித்தைக்காரர். நடிப்பில் லாரொகெட்டுக்குப் பக்கத்தில் வரமுடியாது.

இரவுவாசி:
விருதை வைத்து அளக்காதீர்கள் நண்பரே. ஹாரி நீதிபதியான கதையை நினைத்துப் பாருங்கள். மேயர் தன் பதவிக்காலத்தின் கடைசி நாளில் நீதிபதிகளை நியமிக்கிறார்; அவர் அலுவலகத்திலிருந்து ஒவ்வொருவராக அழைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர் இவர் ஒருவர்தான். யாரும் பொருட்படுத்தாத இடத்திலிருந்து வந்தவர் என்பதாலேயே, எதிரில் வந்து நிற்கும் குடிகாரரையும் வீடற்றவரையும் முழுதாகப் பேசவிடுகிறார். கடைசியில், “ஐம்பது டாலர் அபராதம், உள்ளே இருந்த நாட்களே தண்டனை” என்று அனுப்பிவைப்பார். அதைச் சொல்லும்போது குரலில் அதட்டல் இருக்காது. அந்தக் குரல் இல்லையென்றால் மீதியெல்லாம் வெறும் கூச்சல்.

நூறுசென்டர்:
எனக்கு இருவர் வாதத்திலும் உடன்பாடில்லை. 100, சென்டர் தெருவில் இருக்கும் உண்மையான இரவு நீதிமன்றத்தில், கைதானவரை முதன்முதலாக நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். ஜாமீனா, காவலா என்பது சில நிமிடங்களில் முடிவாகிவிடும். அந்தச் சில நிமிடங்களில் ஒருவரின் வேலையே போய்விடலாம். அதை வேடிக்கையாக்கியதுதான் எனக்கு உறுத்துகிறது.

இரவுவாசி:
உறுத்தல் நியாயமானது. ஆனால் தொடர் ஏழைகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வியட்நாம் போரில் இருந்த நீதிமன்ற எழுத்தர் மேக், அங்கிருந்து அகதியாக வந்த குவான் லேயை மணக்கிறார். எண்பதுகளில் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றில் இப்படி ஒரு குடும்பத்தைக் காட்டியது சின்ன விஷயமா?

பழந்திரை:
நல்ல உதாரணம்தான். என்னிடமும் ஒன்று இருக்கிறது. டேன் எடுபிடியாக வைத்திருந்த வீடற்ற ஃபில், இறந்த பிறகு பெரும் பணக்காரர் என்று தெரியவருகிறது. தன் சொத்தை அறப்பணிக்கு ஒதுக்கி, பொறுப்பை டேனிடமே விட்டுச்செல்கிறார். பேராசைக்காரனின் கையில் பிறர் பணம்! ஒரு மனிதன் கூசிக் குறுகுவதை லாரொகெட் காட்டினார். ஹாரிக்கு அப்படி ஒரு சோதனை வைத்தார்களா?

இரவுவாசி:
ஹாரி மாறாமல் இருப்பதுதான் அவருக்கு வைத்த சோதனை. நீதிமன்றக் காவலராக நடித்த செல்மா டயமண்ட் 1985இல் காலமானார். அவர் இடத்துக்கு வந்த ஃபிளாரன்ஸ் ஹாலப் 1986இல். இரண்டு மரணங்களுக்குப் பிறகும் தொடர் குலையவில்லை. 2023இல் புதிய ‘நைட் கோர்ட்’ வந்தபோது லாரொகெட் இருந்தார். 2018இல் மறைந்த ஆண்டர்சன் இல்லை. மூன்றே பருவங்களில் முடிந்துவிட்டது.

பழந்திரை:
அதை ஹாரி இல்லாத குறை என்று சொல்வது அநியாயம். இன்று தொலைக்காட்சி பார்க்கும் பழக்கமே வேறு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: புதிய தொடரில் ஹாரியின் மகள் ஆபி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது டேன் இல்லை.