கோவா கேசினோவுக்கு லைசன்ஸ் ரிவால்வர் எடுத்துக்கினு போலாமா?

சத்துவாச்சாரி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரி. ஒரு விஷயம் ரொம்ப குழப்பமா கீது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. அடுத்த மாசம் குடும்பத்துல 9 பேர் வேன் எடுத்துக்கினு கோவா போறோம், கிருஷ்ணகிரி ஓசூர் வழியா பெங்களூர், அங்கிருந்து ஹூப்ளி. எங்க பெரிய மாமா மிலிட்டரில சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, தற்காப்புக்குனு லைசன்ஸ் வாங்கி .32 ரிவால்வர் வெச்சிருக்காரு. இடுப்புல அது இல்லாம மார்க்கெட்டுக்கு கூட போக மாட்டாரு, கை ஒடிஞ்ச மாதிரி கீதுன்னுவாரு. மாண்டவி ஆத்துல கேசினோ கப்பலுக்கு ஒரு நாள் போலாம்னு பசங்க பிளான் போட்டதும் மாமா, அங்க துட்டோட போறோம், எவன் எப்படினு தெரியாது, நான் எடுத்துக்கினு வரேன், லைசன்ஸ் தான் கீதேன்னு நிக்கறாரு. உள்ள விடுவாங்களா? இல்ல வாசல்லயே பிரச்சனை ஆவுமா? பெரியவரு, எதுத்து பேசவும் முடியல.

ரிட்டயர்டு_ஹவில்தார்:
தம்பி, நான் கம்மவான்பேட்டை, நானும் பட்டாளத்துல இருந்தவன் தான், மாமா மனசு எனக்கு நல்லா புரியுது. கேசினோ வாசல் வரைக்கும் போக வேணாம், முதல்ல லைசன்ஸ் புக்கை எடுத்து எந்த ஏரியாவுக்கு செல்லும்னு எழுதிருக்குனு பாரு. தமிழ்நாட்டுக்கு மட்டும்னு இருந்துச்சுன்னா ஓசூர் தாண்டுன உடனே தப்பு. நீங்க கர்நாடகாவும் தாண்டி கோவா போறீங்க, அங்க வரைக்கும் செல்லுற லைசன்ஸ் இல்லாம அது ஆவாது. லைசன்ஸ் கண்டிஷனை மீறுனாலே ஆயுதச் சட்டம் 30வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில் போட முடியும்.

சரி, இந்தியா முழுக்க இருக்குனே வெச்சிக்கோ. 2016 ஆயுத விதில பொது இடத்துக்கு கைத்துப்பாக்கி எடுத்துக்கினு போனா உறைல போட்டு தன் கட்டுப்பாட்டுல தான் வெச்சிருக்கணும்னு கீது. கல்யாணம், பொதுக்கூட்டம், ஊர்வலம் மாதிரி இடத்துல எடுத்து காட்டுனா லைசன்ஸே போயிடும். சந்தோஷத்துக்கு வானத்துல சுட்டா கூட 2019 திருத்தத்துக்கு அப்புறம் 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

நானே ஒரு தடவை குடியாத்தத்துல சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு இடுப்புல வெச்சிக்கினு போய்ட்டேன். பந்தில உக்காந்து சாம்பார் ஊத்தறாங்க, பக்கத்து இலைல அஞ்சு வயசு பேத்தி, என் சட்டை லேசா தூக்கிக்கினு இருந்துச்சு போல, சின்னக் கை நேரா உறையோட பட்டன்ல வெச்சு திருகிக்கினே, தாத்தா இது இன்னா செல்லானு கேக்குது. எனக்கு அப்படியே உடம்பு சில்லுனு ஆயிடுச்சு. பாதி சோத்துல எழுந்து வீட்டுக்கு போய் பீரோல பூட்டிட்டு தான் திரும்பி வந்தேன். அன்னைக்கு விட்டவன் இன்னைக்கு வரைக்கும் கூட்டத்துக்கு எடுத்துக்கினு போறது இல்ல.

பணஜி_ஆம்பூரான்:
ப்ரோ நான் ஆம்பூர், பணஜில ஒரு கேசினோல செக்யூரிட்டில 4 வருஷமா வேலை. எந்த கேசினோனு வேணாம். நேரா கப்பலுக்கு போக முடியாது, முதல்ல கரைல இருக்கற படகுத்துறைல டிக்கெட், ஐடி கார்டு, 21 வயசுக்கு கீழ இருந்தா அங்கயே நிறுத்திடுவோம் (உங்க பசங்கள்ல சின்னவங்க இருந்தா பாத்துக்கோங்க), அப்புறம் பை செக்கிங், மெட்டல் டிடெக்டர், அது தாண்டி தான் சின்ன போட்ல ஏத்தி பெரிய கப்பலுக்கு கூட்டினு போவோம். துப்பாக்கி இருந்தா லைசன்ஸ் காட்டுனாலும் எங்க இடத்துல உள்ள விடறது கிடையாது, அது எங்க கம்பெனி ரூல். லைசன்ஸ்னா சட்டப்படி வெச்சிக்கலாம்னு தான் அர்த்தம், அடுத்தவன் இடத்துக்குள்ள கட்டாயம் விடணும்னு இல்ல. யோசிச்சு பாருங்க, ஆத்து நடுவுல மிதக்கற கப்பல், உள்ள சாராயம் ஓடுது, ஒருத்தன் லட்சம் தோத்துட்டு கண்ணு செவந்து உக்காந்துக்கினு இருக்கான், அவன் பக்கத்துல இடுப்புல ரிவால்வரோட ஒருத்தர். உங்க மாமா நல்லவரா இருக்கலாம், பிடுங்கறவன் நல்லவனா இருக்க மாட்டானே. ஓடறதுக்கும் இடம் கிடையாது, சுத்தி தண்ணி.

ராணிப்பேட்டை_நர்ஸ்:
நான் ராணிப்பேட்டை, வேலூர்ல நர்சிங் படிச்சுட்டு இப்போ லாஸ் வேகாஸ்ல வேலை. அமெரிக்கால எல்லாரும் கேசினோக்குள்ள துப்பாக்கியோட சுத்துவாங்கனு ஊர்ல நினைக்கறாங்க. இங்க நெவாடால கேசினோக்குள்ள துப்பாக்கி கூடாதுனு தனியா மாநில சட்டம் இல்ல, ஆனா அது தனியார் இடம், வெளிய போனு சொன்னா போயே ஆகணும், போகலனா அத்துமீறி நுழைஞ்சதா கேஸ். இல்லினாய் மாநிலத்துல 2013ல வந்த சட்டத்துல கேசினோக்குள்ள எடுத்துட்டு போகவே கூடாதுனு நேரடியாவே இருக்கு. செவ்விந்தியர் நிலத்துல நடக்கற கேசினோக்களுக்கு அவங்க சொந்த விதி வேற.

2017 அக்டோபர் 1 ராத்திரி, ஞாயித்துக்கிழமை, இங்க லாஸ் வேகாஸ்ல மாண்டலே பே கேசினோ ஹோட்டல் 32வது மாடில ரூம் எடுத்திருந்த ஒருத்தன் பெட்டி பெட்டியா துப்பாக்கி மேல கொண்டு போய் வெச்சு, எதிர்ல பாட்டு கச்சேரி கேட்டுட்டு இருந்த கூட்டத்த சுட்டான். காயத்தோட பின்னாடி இறந்தவங்களையும் சேத்தா 60 பேர். எனக்கு டூட்டி இல்லாத நாள், வார்டுல இருந்து கூப்பிட்டாங்க, போனேன். ஒரு பொண்ணு ஒத்தக்கால்ல செருப்போட ஸ்ட்ரெச்சர்ல, கைல கச்சேரி டிக்கெட் பட்டை அப்படியே கட்டி இருந்துச்சு. அத வெட்டி எடுத்தது நான் தான். உங்க மாமாவ அவனோட சேத்து பேசல அண்ணா, ஜனம் கூடற இடத்துல துப்பாக்கி வேணாம்னு கெஞ்சி தான் கேக்கறேன்.

சத்துவாச்சாரி_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மாமாகிட்ட எல்லாத்தையும் படிச்சு காட்டுனேன். லைசன்ஸ் புக்கை எடுத்து பாத்தா தமிழ்நாட்டுக்கு மட்டும் தான் செல்லும்னு போட்டிருக்கு, இத்தன வருஷமா அவரே கவனிக்கல. குடியாத்தம் கல்யாண கதைல தான் அமைதி ஆயிட்டாரு, அவருக்கும் பேத்தி கீது. ஆனா 6 நாள் பூட்டுன வீட்டுல விட்டுட்டு வர மனசு இல்லன்றாரு. அதுக்கு இன்னா பண்றது?

ரிட்டயர்டு_ஹவில்தார்:
அவரு யோசனை சரி தான், ஆள் இல்லாத வீட்டுல வைக்க வேணாம். லைசன்ஸ் உள்ள துப்பாக்கி கடைல டெபாசிட்டா வெச்சிட்டு போலாம், எலக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கறோமே அந்த மாதிரி தான். தோட்டாவையும் எண்ணி குடுங்க. ரசீதுல ரிவால்வர் நம்பர் சரியா எழுதிருக்காங்களானு அங்கயே நின்னு மாமாவையே படிச்சு பாக்க சொல்லு, ஒரு நம்பர் மாறுனாலும் திரும்ப வாங்கறப்போ அலைய வெச்சிடுவாங்க.