குழந்தை மருத்துவர் ராணுவ அமைச்சர் ஆன கதை

கேள்வி: எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் படிக்கிறேன். சிலியின் மிஷேல் பாச்செலெட் குழந்தை மருத்துவராமே? அந்தப் படிப்பு அரசியலில் அவருக்கு உதவியதா?

பதில்: நிச்சயமாக, தம்பி. நான் 22 வருடமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். விடியற்காலையிலேயே செருப்பைக் கழற்றி வைத்து வரிசையில் இடம் பிடிக்கும் அம்மாக்களைப் பார்த்தவள். 2000-இல் பாச்செலெட் சுகாதார அமைச்சரானதும், இப்படிப்பட்ட வரிசைகளை மூன்றே மாதத்தில் ஒழிக்கச் சொன்னார் அதிபர் லாகோஸ். பெரும்பகுதி குறைந்தது, முழுதாக ஒழியவில்லை. சொன்னபடி முடிக்கவில்லை என்று பாச்செலெட் ராஜினாமா கொடுத்தார். லாகோஸ் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்குப் பாச்செலெட்டைப் பிடித்துப்போனது இதனால்தான்.

இன்னொரு அண்ணாவின் பதில்: முந்தைய கதையையும் சொல்ல வேண்டும். பாச்செலெட்டின் அப்பா விமானப்படை ஜெனரல். ராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் 1974-இல் சிறையிலேயே இறந்தார். அடுத்த வருடம் இவரையும் அம்மாவையும் வில்லா கிரிமால்டி என்ற சித்திரவதை முகாமில் அடைத்தார்கள். அப்புறம் ஆஸ்திரேலியாவிலும் கிழக்கு ஜெர்மனியிலும் அகதி வாழ்க்கை. 1979-இல் திரும்பி வந்து, விட்ட படிப்பை முடித்தார். சித்திரவதைப்பட்டவர்களின், காணாமல்போனவர்களின் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 2002-இல் பாதுகாப்பு அமைச்சர். அப்பாவைச் சிறைவைத்த அதே படைகள் இவர் பொறுப்பில்! 2006-இல் சிலியின் முதல் பெண் அதிபர்.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா, நன்றி அண்ணா. விட்ட படிப்பைத் திரும்பி வந்து முடித்தார் என்ற வரியை அறைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். எனக்கும் ஒரு அரியர் இருக்கிறது.